வலியை வைத்துக்கொண்டு மாரத்தானுக்குத் தயாராகலாமா?

ஜனவரியில் சென்னையிலும் மும்பையிலும் மாரத்தான். ஜூலையில் "எந்த ஷூ வாங்கலாம்?" என்று கேட்டு எழுதியவர்கள், அக்டோபர் பிறந்ததும் "மறுபடி எப்போது ஓடலாம்?" என்று எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் காயம் பற்றியவைதான். ஓட்டப் பயிற்சியாளர் ஒருவரும் பிசியோதெரபிஸ்ட் ஒருவரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

வயது 41. இரண்டு அரை மாரத்தான் முடித்திருக்கிறேன். ஜனவரியில்தான் முதல் முழு மாரத்தான். இன்னும் 14 வாரம் இருக்கிறது. ஆறே வாரத்தில் வாரத்துக்கு 25 கிலோமீட்டரிலிருந்து 50-க்கு ஏற்றினேன். இப்போது வலது முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உள்பக்கம் வலி. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். அப்படியானால் ஓடலாம்தானே?
*தாம்பரம் வாசகர்*

எக்ஸ்ரேயை நம்பி ஓடிவிடாதீர்கள். எலும்பில் மயிரிழை விரிசல் விழுந்தால் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எலும்பு ஆறத் தொடங்கி, விரிசலைச் சுற்றிப் புது எலும்பு படிந்த பிறகுதான் நிழலாகத் தெரியும். சந்தேகம் தீர எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். அதற்கு முன் வீட்டிலேயே மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலில், முன்னெலும்பின் உள்விளிம்பைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழே அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டே வாருங்கள். நான்கு விரல் அகலத்துக்கு மேல் பரவலாக வலித்தால் அது ஷின் ஸ்பிளின்ட்டாக, அதாவது விரிசல் இல்லாமல் முன்னெலும்பின் விளிம்பு நொந்து வரும் வலியாக, இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் மட்டும் ஊசி குத்தியதுபோல் வலித்தால் விரிசல் என்று நினைத்துத்தான் நடந்துகொள்ள வேண்டும். இரண்டாவது, வலி எப்போது வருகிறது என்பது. ஓட ஆரம்பிக்கையில் வலித்து, உடம்பு சூடானதும் குறைந்தால் ஷின் ஸ்பிளின்ட். ஓட ஓடக் கூடினாலோ, ராத்திரி படுத்திருக்கும்போதும் விண்விண் என்று தெறித்தாலோ விரிசல். மூன்றாவது, அந்தக் காலால் மட்டும் நொண்டியடித்துப் பாருங்கள். முதல் குதியிலேயே சுள்ளென்று வலித்தால் அதோடு நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரிடம் போங்கள்.

இப்படி ஆனதற்குக் காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. நுரையீரலும் இதயமும் சில வாரங்களில் பழகிக்கொள்ளும், அதனால் 50 கிலோமீட்டர் மூச்சுக்குச் சுலபமாகத் தெரியும். எலும்பு அப்படி வேலை செய்வதில்லை. புதுச் சுமை வந்தால் முதலில் பழைய எலும்பை அரித்து எடுத்துவிட்டு, பிறகுதான் புதியதை அடுக்கும். இடைப்பட்ட சில வாரங்கள் அது முன்பைவிட பலவீனமாகவே இருக்கும். மூச்சு வாங்கவில்லையே என்று தூரத்தை ஏற்றுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்த வாரங்களில்தான்.

ஒன்றை மனதில் வையுங்கள். தசை, தசைநார் வலியை ஓரளவு பொறுத்துக்கொண்டு பயிற்சி செய்யலாம். வலிக்கு மதிப்பெண் போட்டால் பத்துக்கு மூன்றைத் தாண்டாமல், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் போதும். எலும்பு வலிக்கு அந்தச் சலுகை கிடையாது, அங்கே அனுமதிக்கப்பட்ட அளவு பூஜ்யம்தான். இன்னொன்று: தொடை இடுக்கில் ஆழமாக வலித்து, காலை ஊன்றும்போது கூடினால் அது தொடை எலும்பின் கழுத்தில் விழுந்த விரிசலாக இருக்கலாம். அதோடு ஓடினால் எலும்பு முழுதாக முறிந்து அறுவை சிகிச்சை வரை போகும். அந்த வலிக்கு ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

அதே தாம்பரம் வாசகர் தொடர்கிறார்: ஷின் ஸ்பிளின்ட்தான் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வாரம் ஓய்வெடுத்தால் என் 16 வாரத் திட்டம் என்ன ஆகும்? விட்டதை எப்படிப் பிடிப்பது?

பிடிக்கவே கூடாது. விட்ட ஓட்டங்களை அடுத்த வாரத்தில் திணிப்பதால்தான் இதே காயம் டிசம்பரில் திரும்பி வருகிறது. பழைய அட்டவணையைக் கிழித்துப் போட்டுவிட்டு, மிச்சமிருக்கும் 14 வாரத்துக்குப் புதிதாகப் போடுங்கள்.

முதல் இரண்டு வாரம் ஓட்டமே இல்லை. ஓடியிருக்க வேண்டிய நேரத்துக்கு சைக்கிள் மிதியுங்கள், அல்லது நீச்சல் குளத்தில் மிதவை பெல்ட் கட்டிக்கொண்டு, கால் தரையில் படாத ஆழத்தில் ஓடுங்கள். வலி இல்லாமல் செய்ய முடிந்தால் மூச்சுத் திறன் பெருமளவு அப்படியே நிற்கும். ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருந்தாலும் ஒரு வாரத்தில் குறைவது மிகச் சொற்பம். பத்துப் பன்னிரண்டு நாளுக்குப் பிறகுதான் சரிவு கணக்கில் வரும்.

ஓட்டத்துக்குத் திரும்ப மூன்று நிபந்தனைகள்: எலும்பை அழுத்தினால் வலிக்கக் கூடாது, 30 நிமிடம் வேக நடை வலியில்லாமல் போக வேண்டும், நொண்டியடித்துப் பத்துத் தடவை குதிக்க முடிய வேண்டும். மூன்றும் சரியானால் மூன்றாவது வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, இப்படிப் பத்து முறை. அடுத்த முறை 2 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை. பிறகு 4-க்கு 1. நான்காவது வார முடிவில் நிற்காமல் 25 நிமிடம் ஓடும் நிலைக்கு வரலாம். ஒரு படியில் வலி வந்தால் ஒரு படி கீழே இறங்கி, அங்கேயே இரண்டு நாள் இருங்கள்.

அதன்பின் ஞாயிறு நீண்ட ஓட்டம் ஐந்தாம் வாரத்திலிருந்து இப்படிப் போகட்டும்: 10, 13, 16, பிறகு 12-க்கு இறக்கம், 19, 22, மறுபடி 16-க்கு இறக்கம், 26. பதின்மூன்றாம் வாரம் 14 கிலோமீட்டர், அடுத்த ஞாயிறு போட்டி. இடையில் வாரத்தில் மூன்று நாள் மட்டும், பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியம் பேசிக்கொண்டே போகும் வேகத்தில், 5 முதல் 9 கிலோமீட்டர். வேகப் பயிற்சி இந்த முறை வேண்டாம்.

32 கிலோமீட்டர் ஓடாமல் 42.195 எப்படி முடிக்க முடியும் என்று குழுவில் கேட்பார்கள். 26 கிலோமீட்டருக்கே உங்களுக்கு மூன்றேகால் மணி நேரம் ஆகும். அதற்கு மேல் பயிற்சியில் ஓடினால் கிடைக்கும் பலனைவிடக் காயம் ஆறும் செலவு அதிகம். போட்டியில் முதல் கிலோமீட்டரிலிருந்தே 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று போங்கள். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் கேலோவே பல்லாண்டுகளாகப் பரப்பிய முறை இது. களைத்த பிறகு நடப்பது வேறு, களைக்கும் முன்பே நடப்பது வேறு. முதல் 10 கிலோமீட்டரில் எல்லோரும் உங்களைத் தாண்டிப் போவார்கள். போகட்டும், 35-வது கிலோமீட்டரில் அவர்களில் பலரை மறுபடி பார்ப்பீர்கள்.

கூடவே கெண்டைக்கால் சதைக்கு வேலை கொடுங்கள். ஓடும்போது முன்னெலும்பின் மேல் விழும் வளைப்பைத் தாங்கிக்கொள்வது அதுதான். ஒற்றைக்காலில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குங்கள். முழங்காலை நேராக வைத்து மூன்று சுற்று, லேசாக மடக்கி மூன்று சுற்று, வாரம் மூன்று நாள். ஒரே மூச்சில் 25 தடவை செய்ய முடிந்ததும் முதுகுப்பையில் 5 கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டு செய்யலாம்.

பள்ளி ஆசிரியை. தினமும் ஆறு மணி நேரம் நின்றே இருக்கிறேன். கோவையில் டிசம்பரில் அரை மாரத்தான் ஓட ஆசை. காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் குதிகாலில் ஆணி அடித்ததுபோல் வலி. பத்தடி நடந்ததும் குறைகிறது. குதிகாலில் எலும்பு வளர்ந்திருக்கிறது, ஊசி போடலாம் என்கிறார்கள்.
*கோவை வாசகி*

நீங்கள் சொல்வது குதிவாதத்தின் இலக்கணமான அறிகுறி. பாதத்தின் அடியில் குதிகாலிலிருந்து விரல்கள்வரை ஓடும் நார்ப்பட்டை, குதிகாலில் ஒட்டும் இடத்தில் தேய்ந்து நொந்திருக்கிறது. எக்ஸ்ரேயில் தெரியும் எலும்பு முள்ளைக் கண்டு பயப்பட வேண்டாம். வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் அந்த முள் உண்டு.

முதல் வேலை வீட்டுக்குள் செருப்பு. மொசைக், கிரானைட் தரையில் வெறுங்காலோடு சமையலறையில் நிற்கும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். ஓடுவது ஒரு மணி நேரம் என்றால் நிற்பது பத்து மணி நேரம். வீட்டுக்கென்று மெத்தென்ற, நடுப்பாதத்தைத் தாங்கும் செருப்பு ஒன்று தனியாக வையுங்கள். கட்டிலிலிருந்து இறங்கும் முன் உட்கார்ந்தபடியே கட்டைவிரலைக் கையால் மேல்நோக்கி இழுத்துப் பிடித்து, பத்து எண்ணி விடுங்கள். இப்படிப் பத்து முறை.

இரண்டாவதுதான் நோயை மாற்றும் வேலை. மாடிப்படி விளிம்பில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, விரல்கள் துண்டின் மேல் மடங்கி நிற்கும்படி முன்பாதத்தை வையுங்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் மூன்று விநாடி ஏறி, இரண்டு விநாடி நின்று, மூன்று விநாடியில் இறங்குங்கள். 12 தடவைக்கு மேல் முடியாத அளவு பாரம் இருக்க வேண்டும். முடிகிறதென்றால் பையில் எடையைக் கூட்டி, தடவையை 10-க்கும் பிறகு 8-க்கும் குறையுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று மாதம். இரண்டு வாரத்தில் பலன் தெரியவில்லை என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். இந்த நார் அவ்வளவு சீக்கிரம் மாறாது.

ஸ்டீராய்டு ஊசி சில வாரம் வலியைக் குறைக்கும். ஆனால் குதிகாலின் கொழுப்பு மெத்தை மெலியவும், நார்ப்பட்டை அறுந்துபோகவும் அதனால் வாய்ப்பு உண்டு. போட்டிக்காக அவசரமாக ஊசி போட்டுக்கொண்டு ஓடுவது இருப்பதிலேயே மோசமான வழி. டிசம்பர் அரை மாரத்தானை 10 கிலோமீட்டராக மாற்றிக்கொள்வது நல்லது. காலை வலி பத்துக்கு மூன்றுக்குள் இருக்கும் நாட்களில் ஓடலாம், கூடினால் அடுத்த ஓட்டத்தைப் பாதியாகக் குறையுங்கள்.

போட்டி அன்று காலையில் ஒரு வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடினால் என்ன?
*திருச்சி வாசகர்*

போடாதீர்கள். டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் எல்லாமே சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கக்கூடியவை. ஐந்து மணி நேரம் வியர்த்து, நீர்ச்சத்து இறங்கி, தசை சிதைந்து அதன் கழிவுகளும் சிறுநீரகத்துக்கே வந்து சேரும் நாளில் இதையும் சேர்த்தால் சிறுநீரகம் செயலிழக்கும் ஆபத்து உண்டு. ஓடி முடித்தபின் சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொரு மாத்திரையையும் சொல்லிவிடுகிறோம். வயிற்றுப்போக்கு என்றால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடும் சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக்குகள் தசைநார்களைப் பாதிக்கக்கூடியவை. அதிகம் அடி வாங்குவது குதிகாலுக்கு மேலே உள்ள அக்கிலிஸ் நார். அந்த மருந்தைப் போட்ட நாட்களிலோ அதற்குப் பிந்தைய வாரங்களிலோ அங்கே வலி வந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்கள் ஓடுகிறவர் என்பதை மருந்து எழுதும்போதே சொல்லிவிட்டால் இன்னும் நல்லது.

சரியாக 7 கிலோமீட்டரில் முழங்காலின் வெளிப்பக்கம் வலி வந்துவிடுகிறது. நின்றால் போய்விடுகிறது. மேம்பாலம் இறங்கும்போது தாங்க முடியவில்லை.
*வேளச்சேரி வாசகர்*

தூரம் சொல்லிவைத்ததுபோல் வருவதும், இறக்கத்தில் கூடுவதும் ஐடி பேண்ட் தொந்தரவின் அடையாளம். இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்பக்கமாக இறங்கும் பட்டை, முழங்கால் சுமார் 30 டிகிரி மடங்கும் கட்டத்தில் எலும்பு மேட்டின் மேல் அழுந்துகிறது. இறக்கத்தில் கால் அதிக நேரம் அந்தக் கோணத்திலேயே இருக்கும். சென்னையில் மேடு கிடையாது என்பதால் மேம்பாலத்தையே மலையாக வைத்துப் பத்துத் தடவை ஏறி இறங்குகிறார்கள். ஏறுவதால் வரும் நன்மையை இறக்கம் கெடுத்துவிடுகிறது. ஏறும்போது ஓடுங்கள், இறங்கும்போது நடங்கள்.

இப்போதைக்கு 5 கிலோமீட்டரோடு நிறுத்துங்கள், வலி வரும்வரை ஓடிப் பார்க்க வேண்டாம். வாரம் நான்கு நாள் இடுப்பின் பக்கவாட்டுத் தசைக்குப் பயிற்சி: ஒருக்களித்துப் படுத்து மேல்காலை நேராகத் தூக்கி, சற்றுப் பின்னால் சாய்த்து 15 தடவை, மூன்று சுற்று. பிறகு ஒரு படியின் மேல் ஒற்றைக்காலில் நின்று, மற்றக் குதிகால் தரையைத் தொடும்வரை மெதுவாக இறங்கி ஏறுங்கள். கண்ணாடி முன் நின்று செய்தால் முழங்கால் உள்பக்கம் சரிவது தெரியும். சரியவிடாமல் செய்யும் பத்து, சரியவிட்டுச் செய்யும் ஐம்பதைவிட மேல்.

அடியின் எண்ணிக்கையையும் பாருங்கள். வலது கால் 30 விநாடியில் எத்தனை முறை தரையைத் தொடுகிறது என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 160 வந்தால் 168 ஆக்குங்கள். வேகத்தைக் கூட்டாமல் அடியை மட்டும் சின்னதாக்க வேண்டும். இந்த ஐந்து சதவீதத்திலேயே முழங்கால் மேல் விழும் சுமை குறையும். ஃபோம் ரோலர் என்னும் நுரை உருளையில் உருட்டினால் சுகமாக இருக்கும், உருட்டிக்கொள்ளலாம். ஆனால் அது அந்தப் பட்டையை நீளமாக்காது. கடைசியாக, நம் சாலைகள் நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரியும். தினமும் ஒரே ஓரத்தில் ஓடினால் இரண்டு காலுக்கும் ஒரே வேலை கிடைக்காது. போகும் வழியிலேயே திரும்பி வாருங்கள், அதே ஓரத்தில்.

மழை. அபார்ட்மென்ட் கார் பார்க்கிங்கில் சுற்றிச் சுற்றி 15 கிலோமீட்டர் ஓடலாமா?
*பள்ளிக்கரணை வாசகி*

5 வரை ஓடலாம். அதற்கு மேல் வேண்டாம். குறுகிய வட்டத்தில் ஒரே திசையில் திரும்பிக்கொண்டே இருந்தால் உள்பக்கக் காலுக்கும் கணுக்காலுக்கும் சுமை கூடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திசையை மாற்றுங்கள். நீண்ட ஓட்டத்தை டிரெட்மில்லில் 1 சதவீத ஏற்றம் வைத்து ஓடலாம், அல்லது மழை விடும் நாளுக்குத் தள்ளிப் போடலாம். தண்ணீர் தேங்கிய சாலை மட்டும் வேண்டவே வேண்டாம். மூடியில்லாத வடிகாலும், மின்கம்பத்து வயரும் எந்தப் பயிற்சி அட்டவணையிலும் வராது. நனைந்த ஷூவின் உள்ளட்டையை வெளியே எடுத்து, உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து ஃபேனடியில் வையுங்கள். வெயிலில் காயவைத்தால் பசை விட்டுப்போகும்.

டெங்கு வந்து போய் பத்து நாள் ஆகிறது. காய்ச்சல் இல்லை. நீண்ட ஓட்டத்தைத் தொடங்கலாமா? முடிந்தால் அடுத்த மாதம் போட்டியில் ஓட வேண்டும்.
*மதுரை வாசகர்*

இல்லை. தட்டணுக்கள் இயல்புக்கு வந்ததை ரத்தப் பரிசோதனையில் உறுதி செய்துகொள்ளுங்கள். காய்ச்சல் விட்டு இரண்டு வாரமாவது நடை மட்டும். பிறகு ஒரு எளிய அளவுகோல்: காலையில் கண் விழித்ததும் படுத்தபடியே நாடித்துடிப்பை எண்ணுங்கள். நோய்க்கு முன் 58 இருந்து இப்போது 70 என்றால் உடம்பு இன்னும் தேறவில்லை. பழைய எண்ணுக்கு ஐந்து கூடுதலுக்குள் மூன்று நாள் தொடர்ந்து வந்தால் 20 நிமிட மென்னோட்டத்தில் தொடங்கலாம். நெஞ்சுவலி, படபடப்பு, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு, இதில் எது வந்தாலும் ஈசிஜி எடுக்காமல் மறுபடி ஓட வேண்டாம். வைரஸ் காய்ச்சல்கள் இதயத் தசையையும் தொடலாம். காய்ச்சலோடு ஓடக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான்.

சிக்குன்குனியா வந்தவர்களுக்கு வேறு கணக்கு. கணுக்கால், முழங்கால் மூட்டு வீக்கம் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். காலையில் மூட்டு இறுகி, அரை மணி நேரம் கழித்தும் இளகாத நாளில் சைக்கிள் மட்டும். ஒரு மாதத்தில் முழு மாரத்தான் ஓடும் யோசனையை டெங்கு வந்தவரும் சிக்குன்குனியா வந்தவரும் விட்டுவிடுங்கள்.

கணுக்கால் பிசகியது. ஊரில் சுளுக்கு எடுப்பவரிடம் போகலாமா, புத்தூர் கட்டுப் போடலாமா?
*தென்காசி வாசகர்*

முதலில் எலும்பு முறிவு இல்லை என்று தெரிய வேண்டும். பிசகிய உடனேயோ, டாக்டரிடம் போகும்போதோ அந்தக் காலை ஊன்றி நான்கு அடி நடக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே. கணுக்காலின் இருபக்கமும் துருத்தி நிற்கும் மொட்டின் பின்விளிம்பை, நுனியிலிருந்து மேலே ஆறு சென்டிமீட்டர்வரை அழுத்திப் பாருங்கள். எலும்பில் வலித்தாலும் எக்ஸ்ரே. முறிவு இல்லையென்றால் முதல் இரண்டு நாள் எண்ணெய் போட்டு நீவுவதும் இழுத்து விடுவதும் வேண்டாம். கிழிந்த நாரில் ரத்தக்கசிவு கூடும். மாவுக்கட்டோ இறுக்கமான கட்டோ போட்டு மூன்று வாரம் அசைக்காமல் வைப்பதும் ஓடுகிறவருக்குப் பயன்படாது. வீக்கத்துக்கு கிரேப் பேண்டேஜ், வலி அனுமதிக்கும் அளவு நடை, பாதத்தால் காற்றில் அ, ஆ எழுதும் பயிற்சி. நான்காம் நாளிலிருந்து பல் தேய்க்கும் நேரமெல்லாம் அந்தக் காலில் மட்டும் நில்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு 30 விநாடி நிற்க முடிந்த பிறகு ஓட்டம்.

ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது. ஆனாலும் மூன்று மாதமாக அதே தூரம் மலையாகத் தெரிகிறது. சைவம். தினமும் நான்கு டீ.
*ஈரோடு வாசகி*

ஃபெரிட்டின் பரிசோதனை செய்யுங்கள். உடம்பில் இரும்புச் சத்தின் கையிருப்பு அதுதான். ஹீமோகுளோபின் குறைவதற்கு வெகு முன்பே அது தீர்ந்துவிடும். 30-க்குக் கீழே இருந்தால் டாக்டர் ஆலோசனையோடு மாத்திரை. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம். கீரை, பயறோடு எலுமிச்சை சேருங்கள். பரிசோதனை இல்லாமல் நீங்களாக இரும்பு மாத்திரை போட வேண்டாம். மாதவிலக்கு மூன்று மாதம் தள்ளிப்போயிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஓடும் அளவுக்குச் சாப்பிடவில்லை என்பதற்கு உடம்பு காட்டும் அடையாளமாக அது இருக்கலாம், எலும்பு விரிசலுக்கும் வழிவிடும்.

30 கிலோமீட்டருக்கு மேல் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. ஓஆர்எஸ் குடித்துக்கொண்டுதான் ஓடுகிறேன். ஓடும்போது என்ன சாப்பிட வேண்டும்?
*புதுச்சேரி வாசகர்*

ஓஆர்எஸ் வயிற்றுப்போக்குக்காகச் செய்யப்பட்டது. ஒரு லிட்டருக்கான பொட்டலத்தில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான், உங்களுக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். உப்பு கிடைக்கிறது, எரிபொருள் கிடைக்கவில்லை. அரை லிட்டர் தண்ணீரில் 35 கிராம் குளுக்கோஸ் பவுடர், சமையல் உப்பு ஒரு தேக்கரண்டியில் எட்டில் ஒரு பங்கு, எலுமிச்சை சில துளி. வயிறு ஏற்கும் செறிவு இது. கூடவே பேரீச்சை, நடுத்தர அளவில் ஒன்றுக்கு 5, 6 கிராம். ஓடும்போது பிழிந்து சாப்பிடும் எனர்ஜி ஜெல் வாங்கினால் பாக்கெட்டில் எத்தனை கிராம் மாவுச்சத்து என்று பாருங்கள், பெரும்பாலானவற்றில் 20 முதல் 25. கடலைமிட்டாய் ஓட்டத்துக்குப் பிறகு. அதிலுள்ள கொழுப்பு வயிற்றை விட்டு நகர நேரமாகும். பசிக்கும்வரை காத்திருக்காமல் 40-வது நிமிடத்திலேயே தொடங்குங்கள். இதையெல்லாம் நான்கு நீண்ட ஓட்டங்களிலாவது ஒத்திகை பார்த்திருக்க வேண்டும்.

தண்ணீர் அளவுக்கு வீட்டு எடை மெஷின் போதும். ஒரு மணி நேரம் ஓடுவதற்கு முன்னும் பின்னும், உடம்பைத் துடைத்துவிட்டு எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் வியர்வை. கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் ஒன்றரை லிட்டர்கூடப் போகும். முழுவதையும் ஈடுகட்ட வேண்டியதில்லை, தாகத்துக்குக் குடித்தால் போதும். ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தால்தான் கவலை. அளவுக்கு மீறிக் குடித்து ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போனால் மோதிரம் இறுகும், தலை வலிக்கும், வாந்தி வரும், பேச்சு குழறும். அப்போது இன்னொரு பாட்டில் தண்ணீர் கொடுப்பது ஆபத்து, ஆம்புலன்ஸ்தான் வேண்டும்.

கெண்டைப் பிடிப்புக்கு உப்பைவிடப் பெரிய காரணம் தசைக் களைப்பு. முதல் பாதியை வேகமாக ஓடியவர்களுக்கே அது அதிகம் வருகிறது. பிடித்துக்கொண்டால் நின்று, குதிகாலைத் தரையில் ஊன்றி, முன்பாதத்தைச் சாலை விளிம்புக் கல்லில் ஏற்றி 30 விநாடி இழுத்துவிட்டு, இரண்டு நிமிடம் நடங்கள்.

ஷூ எத்தனை மாதம் வரும்? கார்பன் தகடு ஷூ வாங்கலாமா?
*சேலம் வாசகர்*

மாதக் கணக்கு இல்லை, 500 முதல் 800 கிலோமீட்டர். காயம் ஆறி வருகிற ஆண்டில் கார்பன் தகடு வேண்டாம்; ஷூவின் அடியட்டைக்குள் இருக்கும் அந்த விறைப்பான தகடு காலின் வேலைப் பங்கீட்டையே மாற்றிவிடும். சாயங்காலம், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் கடைக்குப் போங்கள், முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் விட்டு வாங்குங்கள்.

நுழைவுக் கட்டணம் கட்டிவிட்டேன். காயத்தால் ஐந்து வாரம் போய்விட்டது. ஓடுவதா, விலகுவதா என்பதை எப்போது, எப்படி முடிவு செய்வது?
*அண்ணாநகர் வாசகர்*

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது. அதற்குப் பிறகு செய்யும் பயிற்சியால் உடம்பில் பெரிதாக எதுவும் சேராது, முடிவைத் தள்ளிப்போடுவதால் லாபமில்லை. அன்று நான்கு கேள்விகள்: கடைசி மூன்று வாரத்தில் ஒரு தடவையாவது மூன்று மணி நேரம் ஓட்டமும் நடையுமாகப் போனீர்களா? மறுநாள் காலை படி இறங்கும்போது காயம் பட்ட இடம் மட்டும் தனியாக வலித்ததா? வலியால் நடை கோணுகிறதா? மாத்திரை இல்லாமல் ஒரு வாரம் ஓடினீர்களா? முதலுக்கும் கடைசிக்கும் ஆம், நடுவில் இரண்டுக்கும் இல்லை என்றால் ஓடுங்கள். நீண்ட ஓட்டம் மட்டும் குறை என்றால் அரை மாரத்தானுக்கு மாற்ற முடியுமா என்று அமைப்பாளர்களிடம் கேளுங்கள். சில போட்டிகளில் அடுத்த ஆண்டுக்கு மாற்றித் தருவதும் உண்டு, ஆனால் கடைசித் தேதி சீக்கிரமே முடிந்துவிடும், விதிமுறைப் பக்கத்தை இன்றே பாருங்கள். உங்கள் போட்டி எண் அட்டையைக் கட்டிக்கொண்டு நண்பரை ஓடச் சொல்லாதீர்கள். அவர் வழியில் மயங்கி விழுந்தால் அட்டையின் பின்புறம் இருக்கும் ரத்த வகையும் அவசரத் தொலைபேசியும் உங்களுடையதாக இருக்கும்.

தொடக்கக் கோட்டில் நின்றபிறகும் ஒரு வாசலைத் திறந்து வையுங்கள். வீட்டில் ஒருவரிடம், சாலை மறிக்காத ஒரு சந்திப்பில், 20-வது கிலோமீட்டரை ஒட்டி ஸ்கூட்டரோடு நிற்கச் சொல்லுங்கள். அங்கே போய்ச் சேரும்போது ஒரு காலைச் சாய்த்து ஓடிக்கொண்டிருந்தால் ஏறிக்கொள்ளுங்கள்.